இண்டக்‌ஷன் அடுப்புல அலுமினிய குண்டான் ஏன் சூடாக மாட்டேங்குது?

தண்டையார்பேட்டை செல்வி:
கேஸ் தீந்துபோச்சு, சரி இண்டக்‌ஷன்ல சோறு வடிக்கலாம்னு அலுமினிய குண்டான வெச்சா பீப் பீப்னு கத்திட்டு அதுவா ஆஃப் ஆயிடுது. அதே அடுப்புல இரும்பு தோசைக்கல்லு நல்லா காயுது. ரெண்டுலயும்தானே கரண்ட் போகும்? அடுப்புல கோளாறா, ரிப்பேருக்கு குடுக்கணுமா?

ராயபுரம் வயர்மேன்:
அடுப்பு நல்லாதான் இருக்குமா, கடைக்கெல்லாம் தூக்கினு போவாதீங்க. அந்த கண்ணாடிக்கு கீழ நெருப்பும் இல்ல ஹீட்டர் கம்பியும் இல்ல, வட்டமா சுத்தின செம்பு காயில்தான். வீட்டுக்கு வர்ற 50 ஹெர்ட்ஸ் கரண்ட உள்ள இருக்கற போர்டு ஒரே திசையில ஓடுற டிசியாக்கி, அப்பறம் செகண்டுக்கு 20,000 தடவைக்கு மேல திசை மாறுற கரண்டா காயிலுக்கு அனுப்புது. அதனால காந்தப்புலம் மாறினே இருக்கும், அது பாத்திரத்தோட அடியில கரண்ட உண்டாக்கும், 1831ல ஃபாரடேன்ற விஞ்ஞானி கண்டுபுடிச்சது இதத்தான். அந்த கரண்டு அடியிலயே சுழன்டு சுழன்டு ஓடி பாத்திரம் தானா சூடாவுது. கண்ணாடி சுடுதுன்னா பாத்திரத்துலேர்ந்து எறங்குன சூடு அது.

வியாசர்பாடி ஃபிசிக்ஸ்:
அக்கா நீங்க கேட்டது செம கேள்வி. அலுமினியத்துலயும் கரண்ட் ஓடும், ரொம்ப ஈசியா ஓடும், பிரச்சனையே அதான், தடை இல்லன்னா சூடு எங்கேர்ந்து வரும்? இரும்பு காந்தத்தன்மை உள்ளது, அதனால இவ்ளோ வேகமா திசை மாறுற கரண்டு மேலாப்ல 0.1 மில்லிமீட்டர் கூட உள்ள எறங்காது, அவ்ளோ மெல்லிசு வழில போறதால தடை எகிறுது. அலுமினியத்துல சுமார் 0.5 மில்லிமீட்டர் வரைக்கும் பரவிடும். போர்டு இத கண்டுபுடிச்சு சரியான பாத்திரம் இல்லன்னு நிறுத்திடுது.

தண்டையார்பேட்டை செல்வி:
ரொம்ப தேங்க்ஸ் பா. அப்போ எவர்சில்வர்? மண்சட்டில மீன் கொழம்பு வெக்க முடியுமா?

ராயபுரம் வயர்மேன்:
மண்ணுல கரண்டே ஓடாதுமா. எவர்சில்வர்ல சிலதுதான் வேலைக்காவும், கடைக்கு போறப்ப சின்ன காந்தம் ஒன்னு எடுத்துனு போய் அடியில வெச்சு பாருங்க, கப்புனு ஒட்டுச்சுன்னா வாங்கலாம். கீழ இரும்பு தட்டு போட்டு மேல மண்சட்டி வெக்கலாம்னு சொல்லுவாங்க, வேணாம், தட்டு ஓவரா காஞ்சு கண்ணாடிக்கு ஆபத்து. கொழம்புக்கு காந்தம் ஒட்ற எவர்சில்வர் சட்டிதான் சரி, வெறும் இரும்புல புளி ஊத்துனா கறுத்துடும்.