வீட்டில் வளர்த்த கறிக்கோழியை நீங்களே அறுத்ததுண்டா? உங்கள் அனுபவம்

ஒட்டன்சத்திரம் பக்கம்

கோழி வளர்ப்பைப் பற்றிக் கேட்டால் ஆளாளுக்குப் பத்துக் கதை சொல்வார்கள். அறுக்கிற நாளைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் கறிக்கடைக்காரர் பார்த்துக்குவார்" என்று நழுவிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அறுப்பது, சுத்தம் செய்வது எல்லாம் நானும் என் மாமியாரும்தான். வளர்க்கிற பாடு எல்லாம் கடைசி ஒரு காலைப் பொழுதில் கெட்டுப்போகும் என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

வளர்ப்பு பெரிய வித்தை இல்லை. பிராய்லர் குஞ்சு வரும்போது நாற்பது கிராம் சொச்சம்தான் இருக்கும். முதல் வாரம் குண்டு பல்பு போட்டு 35 டிகிரி சூடு வைக்க வேண்டும். குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். தெர்மாமீட்டரைவிட நான் இதைத்தான் நம்புகிறேன். தரையில் கடலைத் தொலி, கோழிக்கு ஒரு சதுர அடி இடம், முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து, இரண்டாம் வாரம் கம்போரோ என்ற குஞ்சு நோய்க்கு மருந்து. ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ வந்துவிடும். அதற்கு மூன்றரை கிலோ தீவனம் தின்றிருக்கும். பார்க்கிறவர்கள் எல்லோரும் "ஊசி போடுறீங்களா?" என்பார்கள். ஊசியும் இல்லை, ஹார்மோனும் இல்லை. இனம் அப்படி, தீவனம் அப்படி. சொன்னால் நம்ப மாட்டார்கள், நானும் விட்டுவிட்டேன்.

எடை வந்த பிறகு, மகள் ஊரிலிருந்து வரட்டும், திருவிழா வரட்டும் என்று தள்ளாதீர்கள். உடம்பின் கனத்தைக் கால் தாங்காது. உட்கார்ந்த இடத்திலேயே கிடந்து நெஞ்சு புண்ணாகும். கத்திரி வெயிலில் மத்தியானம் வாயைத் திறந்து இரைத்துக்கொண்டே இருக்கும், சாயங்காலம் போய்ப் பார்த்தால் செத்துக் கிடக்கும். கோழிக்கு வியர்க்காது, அதுதான் காரணம்.

அறுக்கிறதுக்கு முந்தின இரவே தீவனத்தை எடுத்துவிட வேண்டும். எட்டிலிருந்து பத்து மணி நேரம் வயிறு காய்ந்தால் போதும். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். வயிறு நிறைந்த கோழியைச் சுத்தம் செய்யும்போது குடல் கிழிந்தால் அந்த நாற்றம் கறியை விட்டுப் போகாது. விடியுமுன் இருட்டிலேயே பிடித்தால் மிரளாது. பழைய அஞ்சு லிட்டர் எண்ணெய் கேனின் அடியை வெட்டி, வாயைக் கொஞ்சம் அகலமாக்கி, வேப்பமரத்தில் தலைகீழாக அடித்து வைத்திருக்கிறோம். கோழியை அதற்குள் இறக்கினால் தலை மட்டும் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். இறக்கையை அடிக்க வழியில்லை. துள்ள விட்டால் இறக்கை ஒடிந்து கறியில் ரத்தம் கட்டிவிடும். அறுத்த பிறகு ரத்தம் வடிய முழுசாக இரண்டு நிமிஷம் விட வேண்டும்.

அப்புறம் வெந்நீர். கொதிக்கிற தண்ணீரில் நேராக முக்கினால் இறகோடு தோலும் வெந்து பிய்ந்து வரும். கொதித்த தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் அறுபது டிகிரியை ஒட்டி நிற்கும். காலைப் பிடித்து முக்கி, மேலும் கீழும் அசைத்துக்கொண்டே மாமியார் இறக்கையின் பெரிய இறகு ஒன்றை இழுத்துப் பார்ப்பார். சிக்காமல் வந்தால் உடனே வெளியே எடுத்துவிடுவார். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

வயிற்றைத் திறந்ததும் ஈரலோடு ஒட்டிய பச்சை நிறப் பித்தப்பையைப் பாருங்கள். அதைப் பிய்க்கக் கூடாது. ஈரலில் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை என்று சேர்த்தே வெட்டி எறிந்துவிடுவோம். உடைந்தால் குழம்பு கசக்கும். வால் மேல் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பியையும் எடுத்துவிட வேண்டும். இரண்டு கிலோ கோழியில் கறி ஒன்றே கால், ஒன்றரை கிலோ நிற்கும்.

மீன் கடையில் ஐஸ் வாங்கி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். சுத்தம் செய்ததும் ஐஸ் தண்ணீரில் போட்டு, பிறகு ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில். அறுத்த கொஞ்ச நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும், அது தளர்ந்த பிறகு சமைத்தால்தான் மெத்தென்று இருக்கும். இது மட்டும் மாமியாருக்கு இன்னும் ஒப்பவில்லை. "அறுத்த சூட்டோட குழம்பு வைக்காம, பொணத்துக்கு ஐஸ் வைக்கிற மாதிரி வைக்கிறா" என்பார்.

கோவில்பட்டி பக்கம்

உங்கள் மாமியார் கட்சிதான் நான். பிராய்லருக்கு நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். நாங்கள் வளர்ப்பது நாட்டுக்கோழி, ஒன்றே கால் கிலோ வரவே நாலைந்து மாசம் ஆகும். அதற்குள் கீரிக்கும் பருந்துக்கும் போனது போக மிச்சம்தான் நமக்கு. முந்தின ராத்திரி பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் அடைத்து வைத்து, காலையில் அறுத்து, இறகைப் பிடுங்கி, காய்ந்த தென்னை ஓலையைக் கொளுத்தி அதில் வாட்டுவோம். மயிர் போல ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன இறகெல்லாம் கருகி, தோல் மினுமினுவென்று வரும். மேலே மஞ்சள்தூளைத் தேய்த்துக் கழுவினால் அந்த வாசம் தனி. வாட்டாத கோழியை எங்கள் அப்பா தொட மாட்டார்.

ஐஸ் எல்லாம் கிடையாது. வெடைக்கோழி, அதாவது இளம் பெட்டை என்றால் சீக்கிரம் வெந்துவிடும். சேவல் என்றால் அடுப்பில் ரொம்ப நேரம் கிடக்கத்தான் போகிறது, விறைத்த தசை அங்கே தளரட்டுமே!

திருவள்ளூர் பக்கம்

ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்ததையும் உடனே சமைத்ததையும் இரண்டு சட்டியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பிராய்லரில் நெஞ்சுக்கறியில் வித்தியாசம் நன்றாகத் தெரியும், காலில் அவ்வளவாகத் தெரியாது.

யாரும் சொல்லாத ஒன்று கழிவு. குடல், தலை, இறகு எல்லாவற்றையும் பையில் கட்டித் தெருமுனையில் போடாதீர்கள், நாய் இழுத்துத் தெரு முழுக்கப் பரப்பிவிடும். நாங்கள் தென்னை மரத்திலிருந்து நாலடி தள்ளிக் குழி தோண்டிப் புதைக்கிறோம். இரண்டடி ஆழமாவது வேண்டும். மேலே சுண்ணாம்புத்தூள் தூவி மண்ணை நன்றாக மிதித்துவிட்டு, ஒரு பலகைக் கல்லையும் வைத்துவிடுங்கள்.