பிறந்த குழந்தையின் கை நரம்புக் காயம்: கோடிங்கில் உதவி தேவை

வணக்கம். பினாங்கில் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். பிரசவத்தில் தோள் சிக்கிப் பிறந்த குழந்தைகளின் கோப்பில் சில நேரம் ‘வலது கை அசைவு குறைவு’ என்பதோடு குறிப்பு முடிந்துவிடுகிறது. எந்தக் குறியீடு என்று அதை வைத்து முடிவு செய்ய முடியாது. நோய்களுக்கான அனைத்துலகக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-இல், பிரசவத்தில் கை நரம்பு காயப்பட்டு வரும் எர்ப் வாதத்துக்கு பி14.0 (ஆங்கில எழுத்து P), தோளும் முழங்கையும் பாதிக்கும். அதே வகையான கிளம்ப்கே வாதத்துக்கு பி14.1, அது உள்ளங்கைப் பகுதியையும் விரல்களையும் பிடிக்கும். கழுத்துக்குக் கீழுள்ள காறை எலும்பு முறிந்தாலும் குழந்தை கையை அசைக்காது, அது பி13.4. டாக்டர் எழுதாததை நாமாக ஊகித்துக் குறியீடு போடக் கூடாது, சரிதான். ஆனால் பின்னாளில் பிசியோதெரபிக்கும் காப்புறுதிக்கும் பிள்ளைக்குத் துணை இந்தக் கோப்புதானே!

டாக்டரிடம் விளக்கம் கேட்கும் படிவம் உங்களிடம் இருக்கிறதா? பதிலை நாமே சொல்லிக் கொடுப்பதுபோல் இல்லாமல் கேள்வியை எப்படி அமைக்கிறீர்கள்? நோயாளி விவரம் நீக்கிய மாதிரி ஒன்று அனுப்பினால் பெரிய உதவி.