மேற்குத் தோட்டம் குடும்பக் குழு: வெள்ளிக்கிழமை ஆர்ப்பாட்டம்

கோபி அத்தை: எல்லோருக்கும் வணக்கம்ங்க. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டபிறகு ஈரோடு கலெக்டர் ஆபீஸ் முன்னால் எங்கள் ஆசிரியர் சங்கத்தின் ஆர்ப்பாட்டம். முடிந்தவர்கள் வாங்க.

பெருந்துறை பெரியப்பா: மறுபடியுமா அம்மிணி? 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ நடத்திய வேலைநிறுத்தம் ஒரு வாரத்துக்கு மேல் ஓடியது. மாதச் சம்பளம் வாங்குகிறவர்களே இப்படிக் கேட்டால் தறி ஓட்டுகிறவன் யாரிடம் போவான்?

கோபி அத்தை: சம்பளக் கோரிக்கையும் இருக்கிறதுங்க அண்ணா. 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370. மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. பார்க்கிற வேலை ஒன்றுதான். இதைக் கேட்காமல் எப்படி இருப்பது?

கோபி அத்தை: ஆனால் இந்தத் தடவை நான் போவது வேறு ஒன்றுக்காக. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். எங்கள் பள்ளியிலும் இரண்டு பேர்தான், வகுப்போ ஐந்து. தலைமையாசிரியை கூட்டத்துக்குப் போனால் ஐந்தும் என் தலையில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்துக்கொண்டிருப்பேன். ஐந்தாம் வகுப்புக்காரன் வகுத்தல் கணக்கில் மீதி வரவில்லை என்று நோட்டை நீட்டியபடி பக்கத்தில் நிற்பான். நான் திரும்புவதற்குள் பக்கத்துப் பையனைப் பார்த்து விடையை எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவான். எந்த இடத்தில் தடுக்கியது என்று எனக்குத் தெரியாமலே போய்விடும். நடுவில் பள்ளி விவரங்களை அரசின் எமிஸ் செயலியில் பதிவேற்றும் வேலை வேறு. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், அதுதான் முதல் கோரிக்கை.

திருப்பூர் அண்ணன்: எங்கள் பனியன் கம்பெனிப் பக்கத்துப் பள்ளியில் வேறு கதை அத்தை. ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் வந்து வகுப்பு நிரம்பிக் கிடக்கிறது. ஒரே டீச்சர் அத்தனை பேருக்கும் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்.

சித்தி: நங்கை, ஒரு சந்தேகம். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் தரும் 25 சதவீத இடத்துக்காகக் காத்திருந்தோமே. 2025-இல் ஜூனில் பள்ளி திறந்தும் சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

கோபி அத்தை: நிறைய உண்டு கண்ணு. அந்தக் கட்டணத்துக்கான மத்திய அரசின் பங்கும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷா வழியாகத்தான் வரும். அந்தத் திட்டத்தில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம். பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் 2020 தேசியக் கல்விக் கொள்கையை ஏற்க வேண்டும். தமிழ்நாடு போடவில்லை. அதனால் 2024-25-க்கு வரவேண்டிய சமக்ர சிக்ஷா பணம் சுமார் 2,152 கோடி ரூபாய் நின்றது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் சம்பளம், சாக்பீஸ், துடைப்பம் வாங்கும் பள்ளி மானியம் எல்லாம் இந்தத் திட்டத்துப் பணம். கொள்கைச் சண்டையை டெல்லியும் சென்னையும் பேசித் தீர்க்கட்டும். அதற்காகப் பிள்ளைகள் பணத்தை நிறுத்தி வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

திருப்பூர் அண்ணன்: நாட்டு வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு என்று மத்திய அரசு அமைத்த கோத்தாரி கல்விக் குழு 1966-லேயே சொன்னதாகப் படித்தேன்.

கோபி அத்தை: ஆமாம் தம்பி. இன்னும் அந்த 6 வரவில்லை.

பெருந்துறை பெரியப்பா: சரி அம்மிணி. வகுப்புக்கு ஒரு வாத்தியார் கேட்பது நியாயம், அதற்கு நான் வருகிறேன். நாளைக்கு வேலைநிறுத்தம் என்று பள்ளியைப் பூட்டினால் மட்டும் என்னைக் கூப்பிடாதே.

கோபி அத்தை: அதனால்தான் அண்ணா பள்ளி விட்டபிறகு வைத்தோம். அரசு காது கொடுக்கவே இல்லையென்றால் வேலைநிறுத்தமும் வரலாம், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் பெற்றோர் குரல் போக வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். "வகுப்புக்கு ஓர் ஆசிரியர்" என்று அவரவர் ஊர்ப் பள்ளியில் தீர்மானம் போட்டு அனுப்பச் சொல்லுங்க.

சித்தி: எங்கள் ஊர்க் கூட்டம் வருகிற வாரம்தான் நங்கை. தீர்மானம் எப்படி எழுதுவது?

கோபி அத்தை: ராத்திரி எழுதி இங்கேயே போடுகிறேன். பள்ளிப் பெயரையும் பிள்ளைகள் எண்ணிக்கையையும் மட்டும் நிரப்பிக்கொள்.