ஃப்ரீரனா, ஸேரியா, ஆஸ்டாவா: நீங்கள் மாட்டிக்கொண்ட வாக்குவாதங்கள்

மாங்கா (ஜப்பானியப் படக்கதை) படிக்கிற இரண்டு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் "யார் யாரை அடிப்பார்" என்ற பேச்சு வராமல் போகாது. மந்திரவாதிகள் கதை என்றால் கேட்கவே வேண்டாம். அப்படி நீங்கள் சிக்கிய வாக்குவாதம் ஒன்றை எழுதுங்கள். எந்தக் காட்சியை ஆதாரமாகக் காட்டினீர்கள் என்பதும் வேண்டும். நானே தொடங்கி வைக்கிறேன்.

'ஃப்ரீரன்' என்பது அதே பெயருள்ள, நீண்ட ஆயுள் கொண்ட எல்ஃப் இன மந்திரவாதியின் கதை. அதன் அனிமேயில் (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்) 10ஆம் எபிசோடைப் பார்த்துவிட்டு என் அத்தை பையன் ஒரு வாதம் வைத்தான். "அவுரா தோற்றது எதிரில் ஃப்ரீரன் நின்றதால். வேறு எவர் வந்திருந்தாலும் காலி." மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். அவுரா ஓர் அசுர மந்திரவாதி, கையில் ஒரு தராசு. தன் ஆன்மாவையும் எதிரியின் ஆன்மாவையும் அதில் வைப்பாள். யாருக்கு மானா, அதாவது மந்திர சக்தி, அதிகமோ அவர் சொன்னபடி மற்றவர் ஆட வேண்டும். 500 வருஷத்துக்கு மேல் சேர்த்த மானா அவளிடம் இருக்கிறது. மன உறுதி உள்ளவர்கள் கொஞ்சம் எதிர்த்து நிற்பார்கள் என்பதால் தலையையே வெட்டிவிட்டு உடம்பை மட்டும் படையில் சேர்த்துக்கொள்வாள். கவசம் போட்ட முண்டங்கள் வரிசையாக நடந்து வரும் அந்தக் காட்சியை மறக்க முடியாது.

ஆனால் தராசை எடுக்கும் முன் எதிரியின் மானாவை அவள் கண்ணாலேயே எடை போட்டாக வேண்டும். தப்பாகப் போட்டால் அடிமை அவள்தான். அசுரர்களுக்கு மானாதான் அந்தஸ்து. அதை எவனாவது குறைத்துக் காட்டுவான் என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. பண்ணையார் கோவணத்தோடு ஊர்வலம் போவாரா என்ன? குரு ஃப்ளாமே சொல்லிக் கொடுத்ததை ஆயிரம் வருஷத்துக்கு மேல் விடாமல் செய்து வந்தவள் ஃப்ரீரன். சக்தி, வித்தை எல்லாம் அப்புறம். அந்தச் சண்டை முடிந்தது அவள் சொன்ன பொய்யால். மானாவை மட்டும் வைத்துத் தரவரிசை போடுகிறவனுக்கும் அவுரா கதிதான் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை.

* * *

நல்ல தலைப்பு ப்ரோ. எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேஜையில் குவால் என்ற அசுரனின் பெயர் வந்தது. "ஃபெர்ன் சின்னப் பெண், அவளே தடுத்துவிட்டாள், அப்படியென்றால் குவால் டம்மி பீஸ்தானே" என்றார் சீனியர் ஒருவர். ஃபெர்ன் என்பவள் ஃப்ரீரனின் சிஷ்யை.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஸோல்ட்ராக் என்ற கொலை மந்திரத்தைக் கண்டுபிடித்தவனே குவால்தான். அந்த வட்டாரத்தில் சாகசக்காரர்களில் 40 சதவீதம், மந்திரவாதிகளில் 70 சதவீதம் பேர் அதில் செத்தார்கள் என்று கதையே சொல்கிறது. ஃப்ரீரனும் இருந்த வீரன் ஹிம்மலின் குழுவால் அவனைக் கொல்ல முடியவில்லை, முத்திரை வைத்து அடைக்கத்தான் முடிந்தது. அடைபட்டுக் கிடந்த 80 வருஷத்தில் மனிதர்கள் அந்த மந்திரத்தைப் பிரித்து மேய்ந்து, அதற்கென்றே தடுப்பு மந்திரம் உண்டாக்கி, கடைசியில் எல்லோரும் கற்கிற சாதாரணத் தாக்குதல் மந்திரம் ஆக்கிவிட்டார்கள். வெளியே வந்தவனுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாமலேயே, ஃபெர்னின் தடுப்பைப் பார்த்த கொஞ்ச நேரத்தில், இது மானாவை ஏகமாக விழுங்கும் என்று பிடித்துவிட்டான் பாருங்கள், பயமே அங்குதான். அவனுக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருந்தால் கதை வேறு.

ஆகவே யாரை யாரோடு மோத விட்டாலும் முதலில் எந்த வருஷம் என்று கேளுங்கள் என்று சீனியரிடம் சொன்னேன். அவர் தயிர் சாதத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது.

* * *

ஒரே வரி. தன்னைவிட மானா குறைந்தவர்களிடம் இதுவரை 11 முறை தோற்றதாக ஃப்ரீரனே சொல்கிறாள். அசுரர்கள் 4, எல்ஃப் 1, மனிதர்கள் 6. மேலே உள்ள அத்தை பையனுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

* * *

வெட்டும் மந்திரக்காரி ஊபெலை விட்டுவிட்டீர்களே!

கல்லூரி விடுதியில் என் அறைத் தோழி ஊபெல் கட்சி, நான் ஸென்ஸே கட்சி. முதல்நிலை மந்திரவாதி ஸென்ஸே. கூந்தல்தான் அவள் ஆயுதம், அதன் மேல் அடுக்கடுக்காகத் தடுப்பு மந்திரம். முதல்நிலை மந்திரவாதி ஆவதற்கான தேர்வின் இரண்டாம் கட்டத்தில் நிலவறைக்குள் அவளுடைய நகல் ஒன்று வந்து நிற்கிறது. நல்ல நல்ல ஆட்களே திணறுகிறார்கள். ஊபெல் வருகிறாள், முடி என்றால் வெட்டக்கூடியதுதானே என்கிறாள், வெட்டிவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான்!

தன்னால் வெட்ட முடியும் என்று மனசில் படுகிற எதையும் அவள் மந்திரம் வெட்டும். அதற்கு முன்னொரு தேர்வில் புர்க் என்ற முதல்நிலை மந்திரவாதியையே வெட்டிக் கொன்றவள். எதுவும் துளைக்காத அங்கி போட்டிருந்தான் மனுஷன். அவள் கண்ணுக்கு அது வெறும் துணி. "துணியும் முடியும் போட்டுக்கொண்டு வந்தால் சாவுதான்" என்று தோழி கத்த, பக்கத்து அறைக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள்.

என் பதில்: இதை வைத்து ஊபெலை ஸென்ஸேக்கு மேலே ஏற்ற முடியாது. வெட்டுவது போல மனசில் காட்சி வராத ஒன்றின் முன்னால் அவள் சாதாரண ஆள். இந்தக் கதையில் மந்திரம் என்பது கற்பனைக்கு எட்டியதைச் செய்வது. எட்டாததைச் செய்ய முடியாது. ஆக ஊபெல் ஸென்ஸேயை ஜெயிப்பாள், ஸென்ஸே பத்துப் பேரை ஜெயிப்பாள், அந்தப் பத்தில் யாரோ ஒருத்தர் ஊபெலை மடக்குவார். இதை எப்படி மேலிருந்து கீழாக எழுதுவீர்கள்? தோழி இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள்.

* * *

வேறு கதையையும் இழுக்கலாம்தானே? தம்பி 'பிளாக் க்ளோவர்' வெறியன். "ஆஸ்டா வந்தால் ஃப்ரீரன் ஒரே வெட்டு" என்பான். அந்தக் கதையின் நாயகன் ஆஸ்டாவுக்கு மானா சுத்தமாகக் கிடையாது, எந்த மந்திரத்தையும் வாளால் அழித்துவிடுவான்.

தம்பியே கவனிக்காத பாயிண்ட் ஒன்று அதில் உண்டு. ஃப்ரீரன் எதிரியைத் தேடுவதே மானாவை உணர்ந்துதான். இவனிடம் உணர ஒன்றுமே இல்லை! அது போதாதென்று, மந்திரம் போடும் கணத்தில் அவளுடைய அந்த உணர்வு அறுந்துபோகும் என்பதை ஃபெர்ன் கண்டுபிடித்திருக்கிறாள். பின்னால் வந்து நின்றால் முடிந்தது.

எதிர்வாதமும் நானே சொல்கிறேன். ஃப்ரீரன் உலகத்துத் தடுப்பு மந்திரம் மந்திரத்தை நன்றாகத் தாங்கும், கனமான பொருள் வந்து மோதினால் அவ்வளவாகத் தாங்காது. அதனால் இந்தக் காலத்து மந்திரவாதிகள் மண்ணையும் தண்ணீரையும் தூக்கி அடிக்கிறார்கள். ஆஸ்டா மந்திரத்தை அறுக்கலாம். அறுத்த பிறகும் பாறை பாறைதானே, தலைமேல் விழுமே! அவன் உடம்பு தாங்கும் என்கிறான் தம்பி. வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

* * *

தொடங்கியவன் மறுபடி வருகிறேன். அத்தை பையன் இந்த 11 கணக்கைப் பார்த்துவிட்டு 'ஃப்ரீரன்' கதையின் எல்ஃப் மந்திரவாதி ஸேரியை முதலிடத்தில் வைத்துவிட்டான். "இவளிடம் பொய்யெல்லாம் கிடையாது, மானா அப்படியே மலை மாதிரி தெரிகிறது" என்கிறான். ஸேரி நடத்தும் தேர்வு நேர்காணல் காட்சியை மறுபடி பார்க்கச் சொன்னேன். எதிரே நின்ற ஃபெர்ன் என்ன சொன்னாள்? மானா அசைகிறது என்றாள். அசைந்தால் ஸேரியும் அடக்கித்தான் வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். அந்த மலையே குறைத்துக் காட்டியதுதான். அப்படியானால் உன் பட்டியலில் ஸேரி பெயருக்கு நேராக எந்த எண்ணைப் போட்டாய் என்று கேட்டிருக்கிறேன். ப்ளூ டிக் விழுந்துவிட்டது, பதிலைக் காணோம்.

மாக்ட் என்ற அசுரனைப் பற்றி எழுத வருகிறவர்கள் மேலே 'ஸ்பாய்லர்' என்று ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள். இங்கே பாதிப் பேர் அனிமே மட்டும்தான் பார்க்கிறார்கள்.