மீல்மேக்கரில் ஆட்டுக்கறியைவிட இரண்டரை மடங்கு புரதமா?

மாடித்தோட்டம்: நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. 100 கிராம் மீல்மேக்கரில் 52 கிராம் புரதம், ஆட்டுக்கறியில் 20தான், பூமியைக் காப்பாற்றக் கறியை விடுங்கள் என்று. பார்த்ததும் எரிச்சல். 52 என்பது காய்ந்த சோயா உருண்டையின் கணக்கு. காய்ந்ததை யார் கடித்துத் தின்கிறார்கள்? நானே 100 கிராமை வெந்நீரில் போட்டேன். பஞ்சு மாதிரி உப்பியது. கலங்கல் தண்ணீர் நிற்கும்வரை உள்ளங்கையில் அழுத்திப் பிழிந்து தராசில் வைத்தால் 300 கிராம். அப்படியானால் 100 கிராமுக்கு 17தான்.

கோவை செல்வி: ஊறினால் புரதம் எங்கே ஓடிவிடும் அண்ணே? கடையில் காய்ந்த எடைக்குத்தானே காசு கொடுக்கிறேன்? 50 கிராம் போட்டுக் குழம்பு வைத்தால் 26 கிராம் புரதம் அந்தச் சட்டிக்குள்தான் இருக்கும்.

மாடித்தோட்டம்: சட்டியைப் பற்றி நான் கேட்கவே இல்லை. படத்தில் இருப்பது 100க்கு 100. கறி வெந்தால் தண்ணீர் விட்டுச் சுருங்கும், அதே 100 கிராமில் புரதம் ஏறும். இது ஊறினால் இறங்கும். ஒன்றைக் காயவைத்து, இன்னொன்றை ஈரமாக வைத்து ஒப்பிடுவது என்ன நியாயம்?

கரிசல்காட்டான்: இரண்டு பேரும் சோயாவையே கட்டிக்கொண்டு அழுங்கள். மானாவாரியில், ஒரு மழை இரண்டு மழையில் கொள்ளு விளைகிறது. வேர்முடிச்சில் தழைச்சத்தைப் பிடித்து நிலத்துக்கும் கொடுக்கிறது. 100 கிராமில் 22 கிராம் புரதம். எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் கொள்ளு ரசம்தான்.

மாடித்தோட்டம்: அந்த 22உம் காய்ந்த கணக்குதான் தம்பி! ரசத்தில் எத்தனை கிராம் கொள்ளு மிதக்கிறது?

கரிசல்காட்டான்: ரசத்தைக் கிண்டல் செய்கிறவருக்கு மாடியில் நாலு தொட்டி வைத்தால் விவசாயம் தெரிந்துவிடுமா?

கோவை செல்வி: போன மாதம் பிரியாணி விவாதத்திலும் அண்ணன் இதே தராசோடுதான் வந்தார். அரிசி ஊறிய எடையா, ஊறாத எடையா என்று 2 நாள் ஓடியது. நான் கேட்பது வேறு. உலகத்தில் விளையும் சோயாவில் முக்கால் பங்கு கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் தீவனமாகப் போகிறது. அவற்றின் வயிற்றைச் சுற்றி நம் தட்டுக்கு வருவதைவிட நேராகவே தின்றால் நிலம் மிஞ்சாதா?

மாடித்தோட்டம்: பிரியாணியில் நான் சொன்னதுதான் சரி. எங்கள் பக்கத்து ஆடு தரிசில் மேய்கிறது, அது சோயாவைப் பார்த்ததே இல்லை. அப்புறம் பேச்சை மாற்றாதீர்கள். 52ஆ, 17ஆ?

கோவை செல்வி: 52. பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறது.

மாடித்தோட்டம்: பாக்கெட்டையா தின்கிறீர்கள்?

புதுமருமகள்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மீல்மேக்கரில் அந்தப் பச்சை வாடை போக என்ன செய்வது?

கரிசல்காட்டான்: கொள்ளு வாங்கும்மா.

கோவை செல்வி: உப்புப் போட்ட வெந்நீரில் 10 நிமிடம் வைத்து, இரண்டு தண்ணீர் மாற்றிப் பிழிந்துவிடும்மா.

மாடித்தோட்டம்: பிழிந்ததும் எடை போட்டு இங்கே எழுதும்மா.