ஜிடி (குரூப் டிஸ்கஷன்) ரவுண்டுல வாயத் திறக்கவே கேப் கெடைக்கல, என்ன பண்றது?

தட்டுவடை_செட்:
வணக்கங்க. சேலம் பக்கம் ஒரு காலேஜ்ல ஃபைனல் இயர் மெக்கானிக்கல், ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். அடுத்த மாசம் கேம்பஸ் இன்டர்வியூ, ஆப்டிட்யூட் டெஸ்ட் முடிஞ்சதும் இங்கிலீஷ்ல ஜிடி வைப்பாங்களாம். ப்ராக்டிஸுக்கு வெக்கற மாக் ஜிடில பத்து பேர் உக்காந்தா நாலு பேர்தான் பேசறாங்க, அவங்க முடிக்கட்டும்னு காத்துட்டே இருந்தா டைம் முடிஞ்சுடுது. குறுக்க பேசுனா திமிர் புடிச்சவன்னு நெனப்பாங்களோ, கிராமர் வேற ஒதைக்குமோனு பயம். மரியாதை கெடாம உள்ள நுழையறது எப்படிங்க?

குகைக்காரன்:
டாபிக் சொன்ன ஒடனே நீ ஆரம்பிச்சுடு தம்பி. மொதல்ல பேசறவனத்தான் மார்க் போடற பேனலுக்கு ஞாபகம் இருக்கும்.

மாம்பழ_சீசன்:
ஞாபகம் இருக்கும்தான், ஒளறுனாலும் ஞாபகம் இருக்கும் 😄 நான் ஹெச்ஆர்ல இருக்கேன், ஜிடிக்கு மார்க் போட உக்காந்திருக்கேன். சொல்றதுக்கு விஷயம் இருந்தா மட்டும் ஆரம்பிங்க, இல்லைனா மூணாவது நாலாவது ஆளா வர்றதே நல்லது. நீங்க அமைதியா காத்திருக்கறத மரியாதைனு நெனச்சுக்கறீங்க, ஆனா பேனல் பேப்பர்ல உங்க பேருக்கு நேரா எழுத ஒன்னுமே இருக்காது. அஞ்சு ரோட்டுல வண்டி உள்ள விடற மாதிரிதான் தம்பி இது, யாரும் நின்னு வழி விட மாட்டாங்க, கேப் பாத்து நாமதான் மூக்க நீட்டணும். ஒருத்தர் ஒரு பாயின்ட் முடிச்சு மூச்சு வாங்கறப்ப லேசா முன்னாடி சாஞ்சு, அவர் பேரச் சொல்லி "ஆடிங் டு வாட் யூ செட்"னு புடிச்சுக்கோங்க. அவர் பாயின்ட்ட மதிச்ச மாதிரியும் ஆச்சு, நீங்க காது குடுத்து கேட்டீங்கனு எங்களுக்கும் தெரியும். பேசறப்ப குரூப்பப் பாத்து பேசுங்க, முக்காவாசி பேர் பேனல் மூஞ்சியவே பாத்துட்டு இருப்பாங்க.
கிராமருக்கு ரொம்ப கவலைப்படாதீங்க. சின்ன சின்ன வாக்கியமா பேசுங்க, நடுவுல தப்பு வந்தா சாரி சொல்லி திரும்ப ஆரம்பிக்காம போயிட்டே இருங்க.

தட்டுவடை_செட்:
ரொம்ப தேங்க்ஸ் அக்கா. ஒருத்தர் சொல்றது தப்புனு தோணுனா எப்படி சொல்றது? நேரா சொன்னா சண்டை மாதிரி ஆயிடுதே.

மலைமேல_இருந்து:
"யூ ஆர் ராங்" வேண்டவே வேண்டாம். நம்ம ஊர் டாபிக்கே எடுத்துக்கோ, ஏற்காட்டுக்கும் இ-பாஸ், அதான் வண்டில வர்றவங்க முன்னாடியே ஆன்லைன்ல வாங்கற அனுமதி, வேணுமா வேண்டாமா. ஒருத்தர் லாட்ஜ், கடை வியாபாரம் படுத்துடும்னு சொல்றார்னு வெச்சுக்கோ. "ஐ ஸீ யுவர் பாயின்ட்"னு ஆரம்பிச்சு, கடைக்காரங்க பயம் நியாயந்தான், ஆனா 2024 மே 7ல இருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இருக்கு, ஆன்லைன்ல பதிஞ்சுட்டு ஜனங்க போய்ட்டுதான் இருக்காங்க, 20 கொண்டை ஊசி வளைவு இருக்கற நம்ம ரோட்டுல கோடை விழா சமயத்துல வண்டி நிக்கறத பாத்தா இங்கயும் யோசிக்கலாமேனு சொல்லு. ஆளத் தொடாம கருத்த மட்டும் தொட்டாச்சு பாரு. நிச்சயமா தெரியாத நம்பர மட்டும் அடிச்சு விடாத, எதிர்ல தெரிஞ்சவன் இருந்தா அங்கயே முடிஞ்சுது. எஸ்டேட் வேலைக்காரங்க பஸ் என்ன ஆகும், உள்ளூர்க்காரங்களுக்கு விலக்கு உண்டானு யாரும் பேசாத பக்கமா யோசிச்சா அதுதான் உன்னோட பாயின்ட். ஃப்ரெண்ட்ஸோட மொதல்ல தமிழ்லயே பேசிப் பாத்து பாயின்ட் சேத்துக்கோ, அப்புறம் அதே டாபிக்க இங்கிலீஷ்ல பேசி போன்ல ரெக்கார்ட் பண்ணு.

குகைக்காரன்:
எல்லாம் சரிங்க, ஃபிஷ் மார்க்கெட் ஆயிட்டா? ஆளாளுக்கு கத்தறப்ப இந்த ஐ ஸீ யுவர் பாயின்ட் எல்லாம் யாரு காதுல விழும்.

மாம்பழ_சீசன்:
விழாதுதான், ஒத்துக்கறேன். அப்ப நீங்களும் கத்தாதீங்க. கொஞ்சம் சத்தம் அடங்கற நேரம் பாத்து, வாயத் திறக்காம உக்காந்திருக்கறவங்க பக்கம் திரும்பி "வி ஹேவ்ன்ட் ஹியர்ட் ஃப்ரம் யூ"னு கேளுங்க, பல தடவை குரூப்பே அடங்கிடும். இன்னொன்னு, கடைசில சம் அப் பண்ணச் சொன்னா ரெண்டு பக்கமும் சொன்னத சுருக்கமா சொல்லுங்க, புதுசா பாயின்ட் சேக்காதீங்க. உங்க பாயின்ட்ட யாராவது பாதில வெட்டுனா "கேன் ஐ ஃபினிஷ் திஸ்"னு சிரிச்சுட்டே கேக்கலாம், தப்பே இல்ல.

தட்டுவடை_செட்:
சூப்பர் அக்கா, அண்ணா. ஞாயித்துக்கிழமை காலைல அஸ்தம்பட்டி பக்கம் நாலஞ்சு பேர் சேந்து ப்ராக்டிஸ் பண்ணலாம்னு இருக்கோம், டாபிக் இ-பாஸ்தான். வர்றவங்க இங்கயே சொல்லுங்க.

குகைக்காரன்:
நானும் வரேன். இ-பாஸ் வேண்டாம்னு பேசறதுக்கு ஒரு ஆள் வேணும்ல.