பிங் 3தான், மவுஸ் மட்டும் இழுக்கிறது. அவசர உதவி!

மாடிவீடு: மாடியில் பிசி, கீழே ஹாலில் டிவி. மாடி பிசியில் ஓடும் கேமைக் கீழே உட்கார்ந்து ஆட வேண்டும். பிங் 3 மில்லிசெகண்ட்தான். ஆனால் மவுஸை அசைத்தால் கர்சர் தூக்கக் கலக்கத்தில் வருகிறது. ரிமோட் டெஸ்க்டாப் இன்னும் மோசம். எதுதான் வேகம்? சாயங்காலம் பசங்க வருகிறார்கள்.

கீபோர்டுகந்தன்: எதில் ஸ்ட்ரீம் செய்கிறீர்கள்? மூன்லைட்டா, பார்செக்கா, ஸ்டீம் லிங்க்கா? வைஃபையா, கேபிளா?

கேபிள்பிரியன்: வைஃபையாகத்தான் இருக்கும். கேட்6 நெட்வொர்க் கேபிள் ஒன்று இழுத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

பழையஆள்: இதற்கு எத்தனை தடவைதான் எழுதுவது? பிங் என்பது பாக்கெட் போய்த் திரும்பும் நேரம் மட்டும். படத்தைப் பிடித்து, என்கோட் செய்து (அனுப்பச் சுருக்கி), அந்தப் பக்கம் டிகோட் செய்து (திரும்ப விரித்து), திரையில் காட்டுவதெல்லாம் அதில் வராது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கே 16.7 மில்லிசெகண்ட். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப், ரெஜிஸ்ட்ரி என்ற உள் அமைப்புகளில் கை வைக்காவிட்டால் 30 ஃபிரேமைத் தாண்டாது. அது ஆபீஸ் வேலைக்குச் செய்தது தம்பி.

மாடிவீடு: கீழே மூன்லைட், மாடியில் அதற்குப் படம் அனுப்பும் சன்ஷைன். 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை. கீழே பழைய லேப்டாப், ஹெச்டிஎம்ஐ வழியாக டிவி.

கீபோர்டுகந்தன்: லேப்டாப் கதையை இப்போதுதான் சொல்கிறீர்கள்! மூன்லைட் ஓடும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், எஸ் நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். டிகோட் நேரம் எவ்வளவு காட்டுகிறது?

சும்மாவந்தேன்: எனக்கு விஎன்சியே (அதுவும் தூரத்துக் கணினியின் திரையைக் காட்டுவதுதான்) போதுமானதாக இருக்கிறது.

பழையஆள்: விஎன்சியில் பல்லாங்குழி ஆடலாம்.

சும்மாவந்தேன்: நான் சர்வர் பார்க்கிறேன் அண்ணே, கேம் ஆடவில்லை.

கேபிள்பிரியன்: சர்வருக்கும் கேபிள்தான்.

ஸ்லோமோ: சண்டை எதற்கு, அளந்து பார்க்கலாமே. போனில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் வைத்து, மவுஸை அழுத்தும் விரலையும் திரையையும் ஒன்றாகப் பிடியுங்கள். கிளிக்குக்கும் திரை மாறுவதற்கும் நடுவே எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் சுமார் 4.2 மில்லிசெகண்ட். ஹெச்டிஎம்ஐயைக் கழற்றிவிட்டு லேப்டாப் திரையிலும் ஒருமுறை எடுங்கள்.

மாடிவீடு: டிகோட் 5 மில்லிசெகண்ட்தான். ஸ்லோமோவில் டிவி 34 ஃபிரேம், லேப்டாப் திரை 15!

ஸ்லோமோ: அப்படியானால் 80 மில்லிசெகண்டை டிவியே விழுங்குகிறது. படத்தை மெருகேற்றுகிறேன் என்று பிடித்து வைத்துக்கொள்கிறது. மெனுவில் கேம் மோட் இருக்கும், போடுங்கள்.

மாடிவீடு: டிவியில் 34 ஃபிரேம் இப்போது 17 ஆகிவிட்டது. பசங்க வந்தாச்சு, அப்புறம் வருகிறேன்.

கேபிள்பிரியன்: கேபிள் போட்டால் இன்னும் குறையும்.